மஃப்ளருக்குள் பஞ்சு

டெல்லிக் குளிரில் காதைக் கட்டிக்கொள்ளாமல் வெளியே போகிறவனுக்கு மூளை கிடையாது என்பது என் கருத்து. நவம்பர் பிறந்ததும் பெட்டியிலிருந்து மஃப்ளரை எடுத்துவிடுவேன். இங்கே, ஜெயிலுக்குள் வரும்போதே அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கழுத்தில் சுருக்குப் போட்டுக்கொள்வேன் என்று பயமாம். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்பாரில்லை.

மதுமதி அம்மா, நீங்கள் சரோஜினி நகரில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசுவீர்கள், படிக்க வராது என்று என் மனைவி ரூபி சொன்னாள். அதனால் எழுதித் தராமல் வாயாலேயே சொல்கிறேன். போன தடவை வந்தபோது, "சார், ரெண்டு பேஷண்ட்டோட எக்சர்சைஸ் மாறிப்போச்சு, கல்தி ஹோ கயீன்னு ஒரே வரி சொல்லுங்க. மீதிய வக்கீல் நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் தவறு என்கிற அந்த 'கல்தி' வார்த்தை அன்றிலிருந்து தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. கை விஷயத்தில் நான் தவறு செய்கிற ஆள் இல்லை. அது உங்களுக்கு விளங்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் என் வேலை கைதான். அடிபட்ட கை, அறுபட்ட கை, கட்டுப் பிரித்ததும் மடங்க மறுக்கிற கை. டாக்டர் தைத்து அனுப்புவார், பழக்கி எடுப்பது நான். ஒருவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும்போதே அவன் எந்த விரலை நம்புகிறான், எதை நம்பவில்லை என்று சொல்லிவிடுவேன். இந்தக் கண்ணை வைத்துத்தான் எங்கள் சர்ச் சபை என்னைக் கிட்டார் போட்டிக்கு நடுவராகப் போட்டது.

டெல்லியில் உள்ள தமிழ்ச் சபைகளின் வாலிபர்களெல்லாம் டிசம்பரில் ஜனக்புரியில் கூடி நடத்துகிற போட்டி அது. எந்தப் பாணியில் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஒருவன் ஐரோப்பிய முறையில் நகத்தால் மீட்டுவான். கெவின் என்று ஒரு பையன், மெட்டல் என்று கூரை இடிகிற மாதிரி வாசிப்பான். ஒரு பெண் கீர்த்தனையைக் கம்பியில் இழுத்து இழுத்துக் குழைப்பாள். பாட்டு மனதைத் தொட்டதா என்று பார்க்க வேறு நடுவர்கள் உண்டு. கைத்திறனுக்கு மட்டும் நான்.

இத்தனை பாணியையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது? காதால் முடியாது. காது சொந்தபந்தம் பார்க்கும். நம் ஊர்ப் பாட்டு என்றால் இளகும், சத்தம் பெரிதென்றால் மிரளும். கைக்கு அந்த ஓரவஞ்சனை கிடையாது. இடது கை விரல் கம்பியை விட்டு எவ்வளவு உயரம் எழும்புகிறது, கட்டைவிரல் பின்னால் இறுக்கிப் பிடிக்கிறதா, வலது கை மணிக்கட்டிலிருந்து வருகிறதா முழங்கையிலிருந்தா. இந்த மூன்றையும் பார்த்தால் போதும், எந்தப் பாணிக்காரனும் தப்ப முடியாது. அதனால் நான் காதில் பஞ்சு வைத்து, மேலே மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்காருவேன். நிறையப் பஞ்சு, நன்றாகத் திணித்து. யாரிடமும் சொன்னதில்லை. வருஷா வருஷம் என் மார்க்கைக் குறை சொன்னவர்களும் இல்லை. கெவின் மட்டும் ஸ்பீக்கர் சரியில்லை என்று முனகுவான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை.

ஆரோனுக்குத்தான் நான் ஒவ்வொரு வருஷமும் குறைவாகப் போட்டேன். அவன் எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் அமலியின் மகன். அமலிக்கும் எனக்கும் ஒரே ஊர், நாசரேத். புருஷன் போனபிறகு வார்டு வேலை பார்த்துத் தனியாக வளர்த்தாள். பையன் எல்லாப் பாணியும் வாசிப்பான், ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் அவன் விரல்கள் கம்பியை விட்டுக் குதிக்கும், சுண்டுவிரல் சும்மா மடங்கிக் கிடக்கும். அழுக்கான கை. உள்ளதைத்தான் போட்டேன்.

போன டிசம்பரில் அவன் மேடைக்கு வந்து உட்கார்ந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. விரல்கள் கம்பியோடு ஒட்டி, சுண்டுவிரல் தன் இடத்தில், மணிக்கட்டு எண்ணெய் போட்ட கீல் மாதிரி. அப்படி ஒரு கையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்தது. இதுவரை யாருக்கும் போடாத மார்க்கைப் போட்டு, மைக்கையும் வாங்கி, கை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், எல்லோரும் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பேசினேன். ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உருகிப்போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஆரோன் இறங்கி வந்து, எப்படித்தான் கண்டுபிடித்திருந்தானோ, என் மஃப்ளரை மெதுவாக விலக்கி, இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அங்கிள், இப்ப ஒரு தடவ கேளுங்க" என்றான்.

அதே பாட்டை அதே கையால் திரும்ப வாசித்தான். கம்பிகளை எல்லாம் முன்னாலேயே தளர்த்தி, சுருதியைக் கெடுத்து வைத்திருந்தான். தகர டப்பாவை உருட்டுகிற சத்தம். மண்டபமே சிரித்தது, பாஸ்டர் சிரித்தார். ரூபியும் சிரித்தாள். ஒரு வாலிபன் பஞ்சை எடுத்து, காணிக்கை மாதிரி உயர்த்திக் காட்டினான்.

எனக்குக் கோபம் வரவில்லை, அம்மா. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், பிரியாணி வரிசையில் அவனுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். மறுநாள் அமலி அவனை வீட்டுக்கே இழுத்து வந்தாள். "ஜெபராஜ் அண்ணே, புத்தி கெட்ட பய. மனசுல வச்சுக்கிடாதிய" என்றாள். பையன் தலையைக் குனிந்து சாரி சொன்னான். கேக் வெட்டிக் கொடுத்தோம். நான் சொன்னதெல்லாம் ஒன்றுதான், சுருதி எப்படி இருந்தாலும் அந்தக் கைக்கு நான் போட்ட மார்க் சரி. ரூபி வெட்டிய கேக்கையே திரும்ப வெட்டிக்கொண்டிருந்தாள். அதன்பிறகு சபையில் நான் எதிரே வந்தால் சின்னப் பிள்ளைகள்கூடக் காதைத் தொட்டுக்கொண்டு ஓடின. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா.

ஆகஸ்டு வந்தது. சுதந்திர தினத்துக்குப் பட்டம் விடுகிற சீசன். தடை போட்டாலும் அந்தச் சீன மாஞ்சாக் கயிற்றை விற்காத சந்து இங்கே இல்லை. முனிர்காவில் சிநேகிதனைப் பார்த்துவிட்டு ஆரோன் பைக்கில் திரும்பி வந்திருக்கிறான். குறுக்கே கயிறு. கழுத்தில் விழ வேண்டியதை இடது கையை உயர்த்தித் தடுத்துவிட்டான். நடுவிரலிலும் மோதிர விரலிலும் அறுத்துவிட்டது. விரலை மடக்குவது உள்ளே ஓடும் ஒரு வெள்ளை நாண். இரண்டு விரலிலும் அது துண்டாகியிருந்தது. டாக்டர் ராமமூர்த்தி பிரமாதமாகத் தைத்தார். தைத்த நாண் ஒட்டுவதற்கு ஆறு வாரமாவது வேண்டும். அதுவரை விரல் தானாக எதையும் பிடிக்கவோ அழுத்தவோ கூடாது. அடுத்த கையால் மெதுவாக மடக்கி விடலாம், அவ்வளவுதான். இது எங்கள் வேலையில் அரிச்சுவடி.

கட்டோடு அவனை என் அறைக்குக் கூட்டி வந்தவள் அமலி.

"வேற யார்ட்டயும் விட மாட்டேம்ண்ணே. நீங்க பாத்துக்கிடுங்க. அவனுக்கு இந்தக் கைய விட்டா ஒண்ணும் இல்ல."

பார்த்துக்கொண்டேன். முதல் இரண்டு வாரம் நான் செய்த வேலையை எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்காரனும் வந்து பார்க்கட்டும். வீக்கம் வடிந்தது, மூட்டு இறுகவில்லை. கல்யாண வீட்டு வாழையிலையைக் கையாளுகிற மாதிரிக் கையாண்டேன். மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், அந்தக் கை என் உள்ளங்கையில் கிடந்தபோது, பேச்சுவாக்கில் கேட்டேன்.

"ஆரோன், அன்னைக்கு நான் போட்ட மார்க் சரிதானே?"

பையன் பொய் சொல்லியிருக்கலாம். டெல்லியில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த நாசூக்கு இல்லை.

"அரே அங்கிள், சாரி அங்கிள். கை கரெக்டாத்தான் இருந்துச்சு, உங்கள பாத்துப் பாத்துதான் அப்படி வச்சேன். ஆனா அது மியூசிக் இல்லல்ல?"

நான் தலையாட்டினேன். விரல்களைப் பாதுகாக்கிற பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி வைத்தேன். அலமாரியிலிருந்து ஸ்பிரிங் வைத்த பிடியை எடுத்தேன். அது கடைசி மாதத்தில் கொடுக்கிற சாமான், அதிலும் இருப்பதிலேயே கெட்டியானது. அவன் கையில் வைத்தேன்.

"டாக்டர் சார் ஆறு வாரம்னு சொன்னாரே, அங்கிள்?"

"அது சாதாரண ஆளுக்கு. இது கிட்டார் வாசிக்கிற கை. நீ இப்பவே ஆரம்பிச்சாத்தான் டிசம்பருக்குள்ள மேடை ஏறலாம்."

அவன் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு சந்தோஷம். வீட்டிலும் சரியாகச் செய்ய வேண்டும் என்று போனை ஜன்னல் விளிம்பில் நிறுத்தி ரெக்கார்ட் போட்டான். நான் தடுக்கவில்லை. தடுத்தால் சந்தேகம் வரும் என்று இல்லை. என் கை வேலையை ஒருவன் படம் பிடிப்பது எனக்குப் பிடித்திருந்தது. நீங்கள் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். மணிக்கட்டை நான் தாங்கியிருக்கிற விதத்தைக் கவனித்தீர்களா? பாடப்புத்தகத்தில் போடலாம்.

"நல்லா அழுத்து. இன்னும். பயப்படாத, நான் பிடிச்சிருக்கேன்ல."

தைத்த நாண் அறுவதற்கு வெளியே கேட்கிற மாதிரிச் சத்தம் கிடையாது. உள்ளங்கையில் விரலை வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும். முதலில் மோதிர விரல், அப்புறம் நடுவிரல். என் கட்டைவிரலுக்கு இரண்டும் தெரிந்தன. காதே தேவைப்படவில்லை.

அவன், "அங்கிள், ஏதோ மாதிரி இருக்கு" என்றான். அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிப் பட்டையைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

மறுநாள் விரல் மடங்கவில்லை. பையன் சொல்பேச்சுக் கேட்காமல் வீட்டில் கிட்டாரை எடுத்திருப்பான் என்று டாக்டரிடம் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள், ஏனென்றால் அவன் குறும்புக்காரன் என்று எல்லோருக்கும் தெரியும். அமலி வராந்தாவிலேயே அவனை அறைந்தாள். "பெத்த தாயக் கொல்லுதியேல, பாவி" என்று அழுதாள். அந்த அறை மட்டும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. திரும்பவும் கீறித் தைத்தார்கள். முதல் தையல் மாதிரி இரண்டாவது அமையாது, விரல்கள் பாதிக்குமேல் மடங்காது. அதன்பிறகு யாரோ அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் அறிந்த கதைதான் மீதி.

ஆக, எக்சர்சைஸ் மாறிப்போகவில்லை. யாருடைய கை, எத்தனையாவது வாரம், எவ்வளவு அழுத்தினால் எது அறும், எல்லாம் தெரிந்துதான் செய்தேன். ஜட்ஜ் கேட்டால் இதையே சொல்லுங்கள். ஜெயிலைப் பற்றி எனக்குக் கவலையில்லை, வீட்டிலிருந்து ரிக்‌ஷா தூரம்தான். கை விஷயத்தில் ஜெபராஜுக்குத் தப்பு நேர்ந்துவிட்டது என்று ஒரு காகிதத்தில்கூட வரக்கூடாது. அவர்கள் சிரித்ததற்காகச் செய்தேன் என்றும் சொல்லாதீர்கள். அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன்.

ஒரு சின்ன உதவி. நேற்று ரூபி பார்க்க வந்தவள் ஒன்று சொன்னாள். ஆரோன் கிட்டாரை மடியில் படுக்கவைத்து, இடது கையில் ஒரு இரும்புக் குழாயைப் பிடித்துக் கம்பிமேல் வழுக்கி வாசிக்கப் பழகியிருக்கிறானாம். விரல் மடங்க வேண்டியதே இல்லையாம். சபையில் வாசித்தானாம், அழாத ஆளில்லையாம். அவளுக்கு என்ன தெரியும், காதால் கேட்டவள்.

இந்த டிசம்பர் போட்டிக்கும் பெயர் கொடுத்திருக்கிறான். அதற்குள் ஜாமீன் கிடைக்கும்படி பாருங்கள், அம்மா. கைத்திறனுக்கு மார்க் போட அங்கே வேறு ஆள் கிடையாது. அந்தப் பாணியில் இடது கை சும்மா போய்வரும், நுணுக்கமெல்லாம் வலது கையில்தான். அவனுடைய வலது கையை நான் இன்னும் சரியாகப் பார்த்ததில்லை.