முதுகுக்குப் பின்னால் நிலா

பழைய சீன உரைநடையில் நிலாப் பார்ப்போரின் நயத்தையும் நயமின்மையையும் குறித்துப் புதூரில் உரையாற்றிவிட்டு, மடியில் பொன்னாடையுடன் கோவில்பட்டிப் பேருந்தில் அமர்ந்திருந்தேன். பௌர்ணமி; பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கூட்டத்திற்கு வந்திருந்த இரு பெண்கள், முன்னால் இருப்பவன் நானென்று அறியாமல், பின்னிருக்கையில் பேசத் தொடங்கினர்.

"நிலாவைப் பத்திப் பேசுன மனுசன் நிலாவைப் பார்க்கவே இல்லையேக்கா."

"எப்படிட்டி பார்ப்பாவ? அது அவிய முதுகுக்குப் பின்னால சன்னல்ல எழும்பி நிக்கு."

"நான் சன்னல் பக்கம் கையைக் காட்டுதேன். கேள்வியெல்லாம் கடைசியிலன்னுட்டாவ."

"நிலாப் பார்க்க சாக்குல தன்னைக் காட்டிக்கிட வாரவன்தான் மட்டமானவன்னு சொல்லும்போதே, போட்டோ எடுக்கவன் பக்கம் திரும்பி நின்னாவ பாரு!"

"சிரிக்காதீயக்கா. இந்தா, கரிசக்காட்டுக்கு மேல பஸ்சுக்குப் பின்னாலயே வருது. அவியளும் இப்ப எங்கனயாவது நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருப்பாவ."

பொன்னாடையை ஓசையின்றி மடித்துப் பைக்குள் வைத்தேன். நிலவைக் காண வேண்டுமானால் நான் திரும்ப வேண்டும். திரும்பினால் அவர்கள் என் முகத்தைக் கண்டுவிடுவார்கள். கோவில்பட்டி வரும்வரை சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.