கடைசி ஆள் வரும்வரை

மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய பாதிரியார் அவர்களே, ஊராட்சித் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டரின் கணவர் யாக்கென் அவர்களே, மலைக்கு அந்தப் பக்கம் இத்தாலியிலிருந்து பனியையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் நண்பர்களே, டாக்டர் பார்லா தெனோத் அவர்களிடம் வாழ்வில் ஒருமுறையாவது வாயைத் திறந்து காட்டியிருக்கும் இந்தப் பள்ளத்தாக்கு மக்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் உர்சினா பெட்சோலா. முப்பது ஆண்டுகள் இந்த ஊருக்கு அஞ்சல் பேருந்து ஓட்டியவள். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கத் தெரியும். மேடையில் பேசத் தெரியாது. நம் கணவாய்ச் சங்கத்தில் எத்தனையோ நாவன்மை உள்ளவர்கள் இருக்க, இந்த நினைவுக் கூட்டத்தில் என்னை ஏன் பேசச் சொன்னார்கள்? அன்றைக்கு மலைக்கு அந்தப் பக்கம் வண்டியோடு காத்திருந்தவள் நான் என்பதால்தான். அதை என் வாயால் கேட்டால்தான் ஊர் நம்பும் என்று யாக்கென் சொன்னார். அவர் சொன்ன பிறகு மறுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

டாக்டர் பார்லா யார்? பல் மருத்துவர் என்று பெயர்ப்பலகை சொல்லும். ஆனால் நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும், அந்த நாற்காலி பல் பிடுங்கும் நாற்காலி மட்டுமல்ல, சங்கத்துக்கு ஆள் பிடிக்கும் நாற்காலியும்தான்! வாய் நிறைய பஞ்சும் குழாயுமாக நாம் கிடக்கும்போது, "ஞாயித்துக்கிழமை கணவாய்க்குப் போறோம், வர்றீங்கள்ல?" என்று கேட்பார். நாம் "ஆங்… ஆங்…" என்போம். "சரி, பேர் சேத்துட்டேன்" என்பார். என்னையும் அப்படித்தான் சேர்த்தார். கடைவாய்ப் பல்லோடு என் ஞாயிற்றுக்கிழமைகளும் போயின.

பாதை உள்ள மட்டும் மிதித்து ஏறுவது, பாதை முடிந்ததும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்லிலும் சரிவிலும் நடப்பது, கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்குவது, இதுதான் நம் சங்கத்தின் வேலை. இதிலென்ன சேவை என்று கேட்பவர்கள் உண்டு. தர்சா கணவாய்ப் பாதை மண் சரிவில் மறைந்து, வரைபடத்திலிருந்தே எடுக்கப்பட்டபோது, அதை மீட்டவர் யார்? கோடைக்குக் கோடை சைக்கிளில் பெயின்ட் டப்பாவைக் கட்டிக்கொண்டு போய், பாறைக்குப் பாறை வெள்ளை சிவப்பு வெள்ளை என்று கோடு போட்டவர் யார்? மேல்மேய்ச்சலில் மாடு மேய்ப்பவர் ஒருவர் கன்னம் வீங்கிக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு தோளில் சைக்கிளும் மறு தோளில் இடுக்கிப் பையுமாக ஏறிப் போய், மாட்டுக் கொட்டிலில் வைத்துப் பல்லைப் பிடுங்கியவர் யார்? கூலியாக அந்த மேய்ப்பவர் கொடுத்த பாலாடைக்கட்டியைக் கணவாய் உச்சியில் எங்களுக்கு வெட்டிக் கொடுத்தார். கை கழுவினாரா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அவர் போட்ட விதி ஒன்றே ஒன்று. கடைசி ஆள் உச்சிக்கு வரும்வரை யாரும் இறங்கக் கூடாது. வால்நட் கேக்கின் முதல் துண்டு கடைசியாக வருபவருக்கு. அந்தத் துண்டுக்காக நம் பெரியவர்கள் இருவர், ஒருவர் முந்திப் போகட்டும் என்று இன்னொருவர் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அரை நாள் எங்களைக் காய வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். பெயரைச் சொல்ல மாட்டேன். இரண்டாவது வரிசையில் யாரோ தலையைக் குனிகிறார்கள்.

முதல் முறை நான்தான் கடைசி. எல்லோரும் ஏறி வெகு நேரத்துக்குப் பிறகு, ஊரில் உள்ள வசவையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். குளிரில் டாக்டரின் உதடு நீலம் பாரித்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்காக ஏன் நின்றீர்கள், போயிருக்கலாமே என்றேன். "போயிட்டா கேக்கை யாரு வெட்றது? சும்மா பேசாம உக்காரு" என்றார். பள்ளிக்கூடத்தில், வேலையில், ஏன், சொந்த வீட்டிலும்கூட எனக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை. அன்றிலிருந்து அவர் எந்தக் கணவாயைச் சொன்னாலும் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

பெரியோர்களே, இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். 

செப்டம்பர் கடைசியில், பருவத்தின் கடைசிப் பயணம். தர்சா கணவாய். ஒன்பது பேர் ஏறினார்கள். கடைசியாகப் போனவர் நம் மின்பணியாளர் கூர்தின் லூட்ஸி. ஏரிக்கு மேலே உள்ள வளைவில் அவர் சைக்கிள் சங்கிலி அறுந்தது. மேலே மூடுபனி, காற்று, கைப்பேசி எடுக்காத இடம். அப்படித் திரும்ப வேண்டியவர் என்ன செய்ய வேண்டும் என்று நமக்கெல்லாம் தெரியும். கீழிருந்து மூன்று முறை விசில் அடிக்க வேண்டும். மேலிருந்து ஒரு நீண்ட விசில் பதில் வந்தால்தான் இறங்கலாம். கூர்தின் அடித்தார். காத்திருந்தார். மறுபடி அடித்தார். ஒரு நீண்ட விசில் வந்தது. அவர் இறங்கினார். முறை தவறாமல் இறங்கினார்!

நான் அந்தப் பக்கம் உணவகத்தில் இருந்தேன். எனக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "சங்கிலி அறுந்துபோச்சு உர்சினா. விசில் அடிச்சேன், மேலருந்து பதில் வந்துடுச்சு. வீட்டுக்கு வந்துட்டேன். என் பங்கு பொலெண்டாக் களியையும் நீங்களே சாப்பிடுங்க." நான் சிரித்தேன். கூர்தின் பத்திரமாக இருக்கிறான் என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

வெளியே பனி பெய்யத் தொடங்கிய பிறகு அவர்கள் வந்தார்கள். ஏழு பேர். முடியெல்லாம் பனி, பல் கிடுகிடுக்கிறது. டாக்டர் எங்கே என்றேன். "கூர்தினுக்காக மேல நிக்கிறாங்க. எங்கள இறங்கச் சொல்லிட்டாங்க" என்றார்கள். அவர்கள் இறங்க மறுத்திருக்கிறார்கள். "விதி எனக்குத் தெரியாதா? போட்டவளே நான்தான். கேக்கையும் எடுத்துட்டுப் போங்க, எங்க ரெண்டு பேருக்கும் துண்டு வெச்சிருங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கூர்தின் வீட்டில் அடுப்பருகே உட்கார்ந்திருக்கிறார். அவருக்காகப் பார்லா உச்சியில் நிற்கிறார். இது அந்த மலையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை அவருக்குச் சொல்ல எனக்கு வழியில்லை! மீட்புக் குழுவை அழைத்தேன். ஹெலிகாப்டர் அந்தப் பனியில் எழும்ப முடியவில்லை. அவர் உச்சியிலேயே நின்றிருந்தால்கூடப் பிழைத்திருப்பார். நிற்க அவருக்கு மனம் வரவில்லை. கூர்தினைத் தேடிக்கொண்டு இந்தப் பக்கச் சரிவில் இறங்கியிருக்கிறார். மறுநாள் அவரைக் கண்டெடுத்தது, அவர் கையால் கோடு போட்ட பாறைக்குச் சற்றுக் கீழே.

அப்படியானால் அந்த விசிலை அடித்தது யார்? ஏழு பேரும் சத்தியம் செய்கிறார்கள், நாங்கள் எதையும் கேட்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை என்று. காற்று எதிர்ப்பக்கம் வீசியதால் கூர்தினின் விசில் மேலே எட்டவே இல்லை. உங்களில் சிலர் கடைவாசலில், தேநீர் மேசையில் என்னென்ன பேசுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். விசிலே வரவில்லை, குளிருக்குப் பயந்து ஓடிவந்து கதை கட்டுகிறான் என்கிறீர்கள். இன்றோடு அதை நிறுத்துங்கள்! மறுநாள் காலை, அவரைக் கண்டெடுப்பதற்கு முன், இரவோடிரவாக வண்டியில் இந்தப் பக்கம் சுற்றிவந்த நானும் மீட்புக் குழுவோடு கூர்தின் விசிலடித்த அந்த வளைவுக்குப் போனேன். வெயில் வந்திருந்தது. மேலே பாறையிலிருந்து ஒரு விசில் வந்தது. நீண்ட, ஒற்றை விசில். "பார்லா!" என்று கத்திக்கொண்டு நான் ஓடினேன். குழுவினர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். வளைக்கு வெளியே எழுந்து நின்று ஒரு மர்மோட், ஆளைக் கண்டால் விசிலடிக்கும் நம் மலை அணில்தான், எங்களைப் பார்த்து விசிலடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த காது என்னுடையது. குழந்தையிலிருந்து கேட்ட சத்தம் அது. ஆனாலும் நான் ஏமாந்தேன், ஏனென்றால் அது அவராக இருக்க வேண்டும் என்று என் உயிரே ஏங்கியது. களைத்துப்போய், மூடுபனியில், பதிலுக்காகவே காத்து நின்றவன் ஏமாந்தது குற்றமா?

கூர்தின் அன்றிலிருந்து சைக்கிளைத் தொடவில்லை. சங்கத்திலிருந்து விலகுவதாகச் சொல்லிவிட்டார். இந்தக் கூட்டத்துக்கு அவரை அழைப்பதா வேண்டாமா என்று செயற்குழுவில் எவ்வளவோ வாக்குவாதம். யாக்கென் மனம் புண்படுமே என்றார்கள். நான் யாக்கெனிடமே போய்க் கேட்டேன்.  அவர் சொன்னார். "அவன் வரலேன்னா கூட்டம் எதுக்கு? அவ அவனத் தேடித்தானே போனா. அவன விட்டுட்டீங்கன்னா, அவ எதுக்குச் செத்தா?"

அன்று மாலையே போய்க் கூர்தின் வீட்டுக் கதவைத் தட்டினேன். 

நண்பர்களே, நினைவுக் கல் வைப்போம் என்கிறார்கள், வைப்போம். விசிலை விட்டுவிட்டு ஆளுக்கொரு வாக்கிடாக்கி வாங்குவோம் என்கிறார்கள், நாளைக்கே வாங்குவோம். காத்திருக்கும் விதியையும் எடுத்துவிடலாம் என்கிறார்களே, அதற்கு மட்டும் இந்தச் சங்கம் இணங்காது! ஜூனில் தர்சா பாதை திறக்கும். பெயின்ட் டப்பாக்களோடு போவோம். அவர் விட்ட இடத்திலிருந்து கோடு போடுவோம். கூர்தினின் விலகலை ஏற்கவில்லை என்பதையும் இந்த மேடையிலிருந்தே அறிவிக்கிறேன்.

கூர்தின், கதவோரம் நிற்பது போல உட்கார்ந்திருக்கிறாய். உன் பக்கத்தில் நாற்காலிகள் காலியாக இருப்பதை நானும் பார்த்துக்கொண்டுதான்…

மன்னிக்கவும். யாக்கென், ஏன் எழுந்துவிட்டீர்கள்? உடம்புக்கு ஏதாவது… சரி. வழி விடுங்கள். அவருக்கு வழி விடுங்கள்.

அவர் போய்க் கூர்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இதற்கு மேல் என்னால் பேச முடியாது. எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்துமாறு கேட்டுக்கொள்வது முறை. இன்று கொஞ்சம் பொறுங்கள், பெரியோர்களே. கடைசி வரிசையில் ஒருவர் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவர்கள் இருவரும் எழட்டும். அதுவரை நாம் எழ வேண்டாம்.