நாற்பதுக்கு மேல் வேண்டாம்

"நைனாவ ஏத்தறதுக்கு முன்ன ஆயில் மேல ஏறிச்சான்னு பாத்துக்கணும் அண்ணாத்தே."

அம்பத்தூர் ஆயில் கடையில் எனக்கு முன்னால் நின்ற மெக்கானிக்தான் இப்படிச் சொன்னார். கூட நின்றவர் அமரர் ஊர்தி டிரைவர். அந்த வண்டிக்கு இவர்தான் இஞ்சின் வேலை பார்த்திருக்கிறார்.

"காலைல அப்பாவப் பறிகுடுத்துட்டு இங்க வந்து நின்னுகினு கீறியே. வேற வண்டி சொல்லிக்கலாம்பா."

"வேணாம். பிஸ்டனுக்கு ஆயில் தடவி நான்தான் போட்டேன். இன்னும் ஸ்டார்ட் பண்ல. மொதல்ல இஞ்சின சும்மா சுத்தவுட்டு, ஆயில் லைட் அணைஞ்சப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணணும். காஞ்சி ஓடிச்சின்னா பிஸ்டன் கீறிடும்."

"கம்பெனி பிஸ்டனா?"

"இல்ல, வெளி மார்க்கெட் ஐட்டம். நைனாவுக்கு அதான் புடிக்காது. ஃபேக்டரில நூல் புடிச்சா மாதிரி வேலை செஞ்ச மனுசன். கண்டதப் போட்டு ஓட்டறே, நீ கை வெச்ச வண்டில நான் ஏற மாட்டேன்னுவாரு. கடைசி வரைக்கும் ஏறல."

கடைக்காரர் ஆயில் கேனை நீட்டினார். மெக்கானிக் மூடியின் சீலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

"பிஸ்டன் செட் ஆவறவரைக்கும் மெதுவாதான் போவணும். கோவில்பதாகை வூட்லேர்ந்து சுடுகாடு வரைக்கும் நாப்பதத் தாண்டாத."

"வழில நின்னுடுச்சின்னா?"

மெக்கானிக் கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நின்னுச்சின்னா அவரு சொன்னதுதான் சரின்னு ஆயிடும். நாப்பதத் தாண்டாத, அண்ணாத்தே."