என் மனைவியின் மேலதிகாரி

பாத்திரம் தேய்ப்பதில் எனக்கு வெட்கம் கிடையாது, இன்ஸ்பெக்டரம்மா. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் காலைப் பாத்திரம் என் பொறுப்பு. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பெண்டாட்டி வேலைக்குப் போவது பிடிக்காதவன் என்று என்னைப் பற்றி யாரும் சொல்லிவிடக் கூடாது.

அவளுக்கு வெளிநாட்டுச் செருப்புக் கம்பெனி ஒன்றில் வேலை. வீட்டிலிருந்தே பார்ப்பாள். எந்தெந்த நாட்டிலிருந்தோ செருப்பு வாங்கியவர்கள் குறை எழுதி அனுப்புவார்கள். இவள் பதில் எழுதிச் சமாதானப்படுத்துவாள். எல்லாம் எழுத்தில்தான், பேச்சே கிடையாது. ஆறு வருஷம் கழித்து அவளுடைய பெரிய மேடம் ஒரு நல்ல சேதி எழுதினார். தலைமை அலுவலகத்துக்கே வந்துவிடு, மூன்று நாட்டுக்கு நீதான் பொறுப்பு, வீட்டுக்காரரையும் கூட்டி வரலாம் என்று.

அவளுக்குக் கால் தரையில் படவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். பிறகு விளையாட்டாக ஒன்று சொன்னாள். "இத்தன வருஷம் எல்லார்கிட்டயும் என்னை உங்க சம்சாரம்னு அறிமுகப்படுத்தினீங்க. அங்க போனா நான்தான் உங்கள அறிமுகப்படுத்தணும், எங்க வீட்டுக்காரர்னு. என்னங்க, முழிக்கிறீங்க?"

நானும் சிரித்தேன். அவள் குளிக்கப் போனதும் அவளுடைய கம்ப்யூட்டரைத் திறந்து, அவள் பெயரில் ராஜினாமா எழுதி அனுப்பினேன். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். அவள் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள், கம்பெனியிலிருந்து இனி எதுவும் அவளை வந்து சேராதபடி செய்து முடித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவள் வழக்கம்போலத் தலைவாரி, இஸ்திரி போட்ட உடுப்போடு மேசை முன்னால் வந்து உட்கார்ந்தாள். யாரும் பார்க்கப் போவதில்லை, ஆனாலும் அப்படித்தான் உட்காருவாள். வேலை என்றால் அவளுக்கு உயிர். அதைப் பறிக்க நான் என்ன கல்நெஞ்சக்காரனா? அதனால் அன்றைக்கே கம்பெனியை நான் ஏற்று நடத்த ஆரம்பித்தேன்.

பெரிய மேடமாக முதலில் எழுதினேன்: பதவி உயர்வு கொஞ்சம் தள்ளிப்போகிறது, பொறுத்துக்கொள், வழக்கமான வேலையைப் பார். பிறகு வாடிக்கையாளர்களாக எழுதினேன். கடையில் பழுதுக்கு வந்த கம்ப்யூட்டர்களை ஓரமாக வைத்துவிட்டு, உட்கார்ந்து உட்கார்ந்து எழுதினேன். ஒருத்திக்கு வார் அறுந்தது. ஒருவனுக்குக் குதிகாலைக் கடித்தது. ஒரு கிழவருக்கு இரண்டும் இடது கால் செருப்பாகவே போய்ச் சேர்ந்தது. அந்தக் கிழவருக்கு அவள் எழுதிய பதிலை நீங்கள் படிக்க வேண்டும். என்ன பொறுமை, என்ன தன்மை. வீட்டில் நான் முதுகு வலிக்கிறது என்றால், "தைலம் அலமாரியில இருக்கு" என்பதோடு சரி. அந்தக் கிழவரின் செருப்பு அதற்குப் பிறகு அடிக்கடி பழுதாகிவிட்டது.

சம்பளம் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். கடை வருமானத்தைத்தான் கம்பெனி பெயரில் அவள் கணக்கில் போடுவேன். தொழில் மந்தம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். "பாவம், செலவுக்கு வெச்சுக்கோங்க" என்று அதிலிருந்து எடுத்து என் கையிலேயே தருவாள். பெண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து தின்கிறான் என்று தெருவே பேசியது. அவளுக்காக அந்த அவமானத்தையும் தாங்கிக்கொண்டேன்.

ஒரு வருஷத்துக்குமேல் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் பெரிய மேடத்துக்குப் புகார் எழுதினாள். நான் பெண் என்பதால்தான் இழுத்தடிக்கிறீர்களா என்று கேட்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. பெண்களுக்கு அநியாயம் செய்கிற கம்பெனியை நடத்த எனக்கு விருப்பமில்லை. உடனே மூவர் குழு அமைத்தேன். மூவரும் நான்தான், இரண்டு பெண்கள், ஒரு ஆண். ஒரு வாரம் கறாராக விசாரித்தோம். அந்த ஆண் உறுப்பினர் அவளுக்குச் சாதகமாகவே எழுதினார். பெண்கள் இரண்டு பேரும் முடியாது என்றுவிட்டார்கள். பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்று சும்மாவா சொன்னார்கள். பெரும்பான்மை முடிவு, நான் தலையிட முடியாது.

"ரெண்டு பொம்பளைங்க இருந்தும் இப்படிப் பண்ணிட்டாங்களேங்க" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நான்தான் தேற்றினேன். அந்த நேரத்தில் பக்கத்தில் வேறு யார் இருந்தார்கள், சொல்லுங்கள்.

போன மாதம் நிஜமான பெரிய மேடம் வாசலில் வந்து நின்றார். வேறு ஏதோ வேலையாக இந்த ஊருக்கு வந்தவராம். இவ்வளவு நல்ல வேலையை உதறிவிட்டுப் போனவளை ஒருமுறை பார்த்துக் காரணம் கேட்க வேண்டும் என்று தோன்றியதாம்.

"நான் எங்க மேடம் விட்டேன்? நேத்துகூட லீவு கெடையாதுன்னு நீங்கதான எழுதினீங்க" என்றாள் என் மனைவி.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் கையில் இருந்த தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். முகத்துக்கு நேரே பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அவள் கத்தவில்லை. "அந்தக் கிழவர்?" என்று மட்டும் கேட்டாள். அதுவும் நான்தான் என்றேன். அதற்குத்தான் அவள் உடைந்துபோனாள். போயும் போயும் ஒரு ஜோடி செருப்புக்காக இப்படி அழுகிறாளே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

அந்த மூன்று நாட்டுப் பொறுப்பு எப்போதோ வேறொருவருக்குப் போய்விட்டது. இவள் இப்போது படியேறி இறங்கி வேலை தேடுகிறாள். எங்கே போனாலும் இந்த இரண்டு வருஷம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்கிறார்களாம். எழுந்து வந்துவிடுகிறாளாம். அவளுடைய அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் போன் செய்தால் அவள் எடுப்பதில்லை. நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அனுபவச் சான்றிதழ் எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறேன். யாராவது விசாரித்தால் தயங்காமல் என் நம்பரைக் கொடுக்கச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டரம்மா. அவள் வேலையைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை சொல்ல, என்னைவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.