மடிப்பூனை

பூனைக்குப் பசும்பால் ஆகாது. பலருக்கு இது தெரியாது. பாசம் என்று நினைத்துக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றி அதன் வயிற்றைக் கெடுத்துவிடுகிறார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டரம்மா. என்னை அண்டி வந்த எந்த உயிருக்கும் நான் தேவைக்கு மேல் கொடுத்ததில்லை.

மடிப்பூனை என்ற ஜாதியை உண்டாக்கியவள் நான்தான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் கேட்டால், தூரத்துத் தீவிலிருந்து ஒரு கப்பல்காரர் கொண்டுவந்த வம்சம் என்பேன். உண்மையில் என் தையல்கடைக்குப் பின்னால் சாக்கடையோரம் பிறந்தவை. ரிஷிமூலம் நதிமூலம் பார்க்கக்கூடாது என்கிறார்கள், பூனைமூலம் மட்டும் எதற்கு?

கைக்கு அடக்கமான உடம்பு. கத்தாது, பிறாண்டாது. மடியில் விட்டால் விட்ட இடத்திலேயே கிடக்கும். குணம் பிறவியில் வருகிறது என்பதெல்லாம் சும்மா பேச்சு. தீனியை மருந்துப் பாட்டில் மூடியால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று அளந்து வையுங்கள், குணம் தானாக வரும். நான் விற்ற குட்டிகள் போன வீடுகளில் கொழுத்து வளர்ந்து மதில் தாண்டி ஓடின. புகார் சொல்ல வந்தவர்களை, "கண்டதையும் குடுத்து ஜாதியையே கெடுத்துட்டீங்களே" என்று நான்தான் கடிந்துகொண்டேன்.

ஏன் செய்தாய் என்கிறீர்கள். என் தம்பியை வளர்த்தவள் நான். ராப்பகலாக மெஷின் மிதித்ததெல்லாம் அவன் தட்டுக்குத்தான் போனது. தோளுக்கு மேல் வளர்ந்தான். ஒரு நாள், "நீ சும்மா இரு அக்கா, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டுப் போனான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை.

அவனும் அவன் மனைவியும் விபத்தில் போனபின் அவர்கள் மகள் என்னிடம் வந்தாள். ஐந்து வயது. மடிக்குச் சரியாக இருந்தாள். அவளுக்குத் துணையாக ஒரு பூனைக்குட்டி எடுத்தேன். அது நன்றாகத் தின்று, வளர்ந்து, போய்விட்டது. அடுத்த குட்டிக்கு மூடியால் அளந்தேன். அது போகவில்லை. உட்கார்ந்து யோசித்தேன்.

மாட்டிக்கொண்டது ஒரு பூனையால்தான். எழுந்து நிற்க முடியாமல் கிடந்தது என்று கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். கூடையை என் தம்பி மகள்தான் மடியில் வைத்திருந்தாள். அவர் பூனையின் வாயைத் திறந்து பார்த்தார்.

"குட்டின்னு சொல்றீங்க. பல்லெல்லாம் தேஞ்சிருக்கும்மா. இதுக்கு நாலு வயசுக்கு மேல இருக்கும்."

பிறகு கூடைக்காரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பா, நீ கொஞ்சம் வாயைத் திற" என்றார்.

ஆமாம், அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆறு வயதில் நான் தைத்த கவுனைத்தான் போட்டிருந்தாள். அதில் ஒரு மடிப்பைக்கூடப் பிரித்துவிட வேண்டியிருக்கவில்லை. ஓடியாடினால் பசிக்கும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினேன். அவளை நான் ஒரு நாளும் அடித்ததில்லை, அதட்டியதில்லை. அதட்ட அவசியமே வந்ததில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்திருப்பாள். கூப்பிட்டால் மடிக்கு வருவாள். பட்டினி போட்டேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பாசமில்லாமல் செய்தேன் என்று எழுதினால் போடமாட்டேன்.

இப்போது நீங்கள் சேர்த்துவிட்ட விடுதியில் மூன்று வேளையும் தின்று உயரமாகிவிட்டாளாம். அத்தையைப் பார்க்கிறாயா என்று கேட்டதற்குத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "வேணாம்" என்றாளாம். அது அவள் பேச்சில்லை, வயிறு பேசுகிறது. ஒரே ஒரு நாள் அந்தத் தட்டை எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள், அவள் யார் மடியைத் தேடுகிறாள் என்று தெரியும்.