முப்பத்தொன்றாம் எண் கொடி

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கழகத் தலைவர் மணவாளன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஷிப்டு முடிந்த கையோடு வந்திருக்கும் தோழர்களே, 'இந்த ஆளை யார் பேசக் கூப்பிட்டது?' என்று முன்வரிசையிலிருந்து என்னையே உற்றுப் பார்க்கும் சகோதரர் ஏகாம்பரம் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஏகாம்பரம் அப்படிப் பார்ப்பதில் தப்பே இல்லை. அவருடைய துணைவியார், நம் வீராங்கனை கெங்கம்மாள் அவர்களை இந்தக் கழகத்தில் அதிகம் சந்தேகப்பட்டவன் நான்தான். செயலாளர் தமிழரசு. முப்பது வருடம் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி அதிகாரியாக நின்று, போகிறவர் வருகிறவரின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தே பழகியவன்.

கெங்கம்மாளின் உறவினர்களுக்காக ஒரு வார்த்தை. நம் கழகம் நடத்தும் ஓரியன்டீரிங் என்பது கையில் மேப்பும் காம்பஸும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிற போட்டி. ஆங்காங்கே வைத்த கொடிகளை வரிசையாகக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் தொங்கும் ஊசிக் கருவியால் அட்டையில் ஒரு கட்டத்தைக் குத்திக்கொண்டு வர வேண்டும். வேகமாக ஓடினால் மேப்பு கண்ணில் நிற்காது. மேப்பையே பார்த்தால் கால் ஓடாது. கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளே திணறுகிறார்கள்.

அதற்குச் சேக்காட்டிலிருந்து நாற்பத்தாறு வயதில் ஓர் அம்மா வந்தார். பம்பு உதிரிபாகங்களை அளந்து பார்த்து, தேறாததைத் தள்ளுகிற வேலை. முதல் ஆறு மாதம் எல்லாப் போட்டியிலும் கடைசி. கொடியைத் தாண்டி ஓடுவார், திரும்பி வருவார், மறுபடியும் தாண்டுவார். ஏழாவது மாதம் முதலிடம்! எனக்குச் சந்தேகம் வருமா, வராதா?

கண்காணித்தேன். ஓடும்போது அவர் உதடு அசைந்தது. யாரிடம் பேசுகிறார்? காதில் எதையோ மாட்டியிருக்கிறார், யாரோ வழி சொல்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். இதோ இருக்கிறாரே தங்கை எழிலரசி, இவரை விட்டு அந்த அம்மாவின் கம்மலைக் கழற்றச் சொன்னேன். கொண்டையை அவிழ்க்கச் சொன்னேன், அத்தனை பேர் முன்னாலே! அந்த அம்மா முடியை விரித்துப் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"காலடி எண்ணிகினு ஓடுறேன் சார், வேற இன்னா? தண்ணி டேங்கு, பம்பு செட்டு, இப்டி பெரிசா ஒண்ணு வர்ற வரைக்கும் கண்ண மூடிகினு ஓடலாம். அங்கேர்ந்து அளந்து அளந்துதான் போவணும். மொதல்ல நா எல்லா எடத்துலயும் ஓடிகினு இருந்தேன், அதான் தப்பு."

எங்கே ஓடுவது, எங்கே நிதானிப்பது என்று தானாகவே கற்றுக்கொண்டவர் சொன்னது அது. நம்பினேனா? இல்லை.

பிப்ரவரியில் பூந்தமல்லிக்கு மேற்கே கருவேலங்காட்டில் தேர்வுப் போட்டி. பெண்கள் பிரிவில் முதலில் வந்தால் மாநில அணி. கொடிகளை வைத்தவன் நான். அங்கே செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழிகள் அடுத்தடுத்து இருக்கும். எட்டாவது கொடி, எண் முப்பத்தொன்று, ஒரு குழிக்குள். ஆணும் பெண்ணுமாகப் பதினேழு பேர் குத்திக்கொண்டு வந்தார்கள். கெங்கம்மாள் அட்டையில் மட்டும் எட்டாவது கட்டம் காலி.

"அங்க கொடி இல்ல சார்."

"பதினேழு பேருக்குக் கிடைச்சது உனக்கு மட்டும் எப்படிம்மா கிடைக்காம போகும்?"

"முன்னாடி ஓடுன பரத்து தம்பி எங்கியோ கொடியப் பாத்துட்டாரு. மத்தவங்க அவரப் பாத்துகினு ஓடுனாங்க. நா மேப்பப் பாத்துகினு போனேன்."

சாக்கு என்றேன். தகுதியில்லை என்று எழுதினேன். மாநில அணி போயிற்று. அதன்பிறகு கழகத்தில் அவரைக் 'கொடியைக் காணோம்' என்றே கேலி பேசினார்கள். தடுத்தேனா? நானும் சேர்ந்து சிரித்தேன். ஜூன் மாதம் வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே மாரடைப்பு. அந்தக் கேலியோடு போய்விட்டார்.

பத்து நாள் முன்பு ஏகாம்பரம் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, அந்தத் தேர்வுப் போட்டியில் கெங்கம்மாள் வைத்திருந்த மேப்பைக் கொடுத்தார்.

"கடசி வரைக்கும் இதையே சொல்லிகினு இருந்துச்சு. நீங்களே போயி எண்ணிப் பாருங்க சார்."

எட்டாவது வட்டத்துக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தது: 'பம்பு செட்லேர்ந்து 112 காலடி. ரெண்டு தபா பாத்தேன்.'

அதையும் நம்பவில்லை! அது பொய் என்று நிரூபிக்கத்தான் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். பம்பு செட்டு மூலையிலிருந்து காலடியையும் எண்ணினேன், டேப்பாலும் அளந்தேன். மேப்பில் நான் வட்டம் போட்ட குழியும் அந்த அம்மா எண்ணிப் போய் நின்ற குழியும் ஒன்றுதான். அங்கே எதுவும் இல்லை. நாற்பது மீட்டர் தள்ளி, அடுத்த குழியில், ஒரு கருவேலங்கிளையில் மஞ்சள் நாடா. கொடி வைக்கப்போகும் இடத்தைக் குறிக்க முன்கூட்டியே கட்டுவோமே, அது. அதில் என் கையெழுத்தில் 31.

அப்போதும் பாருங்கள், யாரோ வேண்டுமென்றே மாற்றிக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. குனிந்து பார்த்தேன். இடக்கைக்காரன் போட்ட முடிச்சு. கழகத்தில் இடக்கைக்காரன் நான் ஒருவன்தான்.

ஊரையே சந்தேகப்பட்டேனே, என்னை ஒரு நாளாவது சந்தேகப்பட்டேனா? அந்தக் குழியிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

தலைவர் அவர்களே, எட்டாவது கொடியைக் கணக்கிலிருந்து நீக்கி, போட்டியின் முடிவைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அங்கே நின்று தேடிய ஆறு நிமிடத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கெங்கம்மாள்தான் முதலிடம்! இனி நான் கட்டும் ஒவ்வொரு நாடாவையும் இன்னொருவர் போய் அளந்து பார்த்த பிறகே அங்கே கொடி ஏறும். என்னை நம்பாதீர்கள். அளந்து பார்த்து, தேறாததைத் தள்ளுவதுதான் அந்த அம்மாவின் வேலை. அதை இனி நாம் செய்வோம்.

இதோ அவருடைய அட்டை. காலிக் கட்டத்தை நீங்களே குத்திக் கொடுத்துவிடுங்கள், குடும்பத்துக்கு ஆறுதலாக இருக்கும் என்று நேற்று ஒருவர் யோசனை சொன்னார். மாட்டேன். அதுவும் பொய்தான். அது காலியாகவே இருக்கட்டும், ஏகாம்பரம். உங்கள் மனைவி சரியான குழிக்கு இரண்டு முறை வந்து நின்றார். வராதது என் கொடி.