சந்தனத்துக்கு அடியில்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர். அந்த ஊசி நல்ல ஊசி. இதயக் குழாயை அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைத்துவிடும். சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்திலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த எத்தனையோ பேர் அதைப் போட்டுக்கொண்டு, நல்லபடியாக வீடு திரும்பியிருக்கிறார்கள். மருந்தைக் குறை சொல்லாதீர்கள்.

ஆனால் உடம்பில் வேறு எங்காவது அடிபட்டிருந்தால் அங்கே உறைந்து நின்ற ரத்தத்தையும் அது கரைத்து, மறுபடி கசிய வைத்துவிடும். அதனால்தான் போடுவதற்கு முன் கேட்கிறோம்: அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா, எங்காவது ரத்தம் கசிகிறதா, தலையில் அடிபட்டதா. எங்கள் ஆஸ்பத்திரியில் இதைத் தமிழில் கேட்டுச் சொல்வது மூத்த நர்சான நான்தான்.

தனேஸ்வரன் என் தங்கை சாந்தினியின் கணவன். குடித்தால் அடிப்பான். அவளுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன். விட்டுவிட்டு வா என்று எவ்வளவு சொல்லியும் எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். குடியை விடுகிறேன் என்று இந்தத் தைப்பூசத்துக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டானாம். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? மறுநாள் நெஞ்சுவலியோடு வந்தான், தலை நிறையச் சந்தனம்.

டாக்டர் கிளந்தான்காரர், சின்ன வயது, தமிழ் தெரியாது. அவர் மலாய் மொழியில் கேட்டதற்கு, வலியில் தனேஸ்வரன் என்னிடம் தமிழிலேயே சொன்னான்.

"அக்கா, நேத்து பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன். பின்மண்டை வீங்கி இருக்கு. டாக்டர்கிட்ட சொல்லிடுங்க லா."

"சொல்றேன். நீ பேசாம படு."

அடிபடவில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். தலையில் என்ன மஞ்சளாக என்று கேட்டார். கோயில் சந்தனம் என்றேன். அது பொய் இல்லை. தலையைத் தொட்டுப் பார்க்க நீட்டிய கையை உடனே அவர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மரியாதை தெரிந்த பிள்ளை, அவரை ஒன்றும் செய்யாதீர்கள்.

வாசலில் சாந்தினி நின்றாள். "அவர் விழுந்தத சொல்லிட்டியாக்கா?" என்று கேட்டாள். சொல்லியாயிற்று என்று அவளைக் கவுண்டருக்கு அனுப்பினேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் ஆம்புலன்சில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, குழாய்க்குள் கம்பி விட்டு அடைப்பைத் திறந்திருப்பார்கள். பிழைத்திருப்பான். அது தெரிந்துதான் ஊசியை நானே போட்டேன். அளவில் ஒரு பிழையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் நெஞ்சுவலி குறைந்து, எனக்கு நன்றி சொன்னான். பிறகு தலை வலிக்கிறது என்றான். பிறகு பேச்சு குழறியது. கடைசிவரை பக்கத்திலேயே இருந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

புகார் கொடுத்தது சாந்தினிதான் என்கிறீர்கள். கொடுக்கட்டும். என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சாப்பிடாமல் அழுகிறாளாம். அடிபட்டே பழகியவள், தனக்கு எது நல்லது என்று அவளுக்கு எப்போது தெரிந்திருக்கிறது? அழுது முடிக்கட்டும். இனிமேல் அவளை நோகடிக்க யாரும் இல்லை.